எஃகுமணி வீச்சு

எஃகுமணி வீச்சு என்பது சிறிய எஃகு உருண்டைகளை மிகுந்த விரைவுடன் ஓர் உலோகப் பரப்பின் மீது மோதச்செய்து, அதில் ஒட்டியுள்ள துரு, உருட்டாலைச் செதில், பழைய வண்ணப்பூச்சு, வார்ப்பு மணல் ஆகியவற்றை அகற்றும் தொழினுட்ப முறை ஆகும். பட்டறைகளில் இது ஷாட் பிளாஸ்டிங் என்றே வழங்கப்படுகிறது. உருண்டைகளுக்கு மாறாகக் கூரிய விளிம்புள்ள எஃகுத் துணுக்குகள் பயன்படுத்தப்படின் அது குருணை வீச்சு எனப்படும். ஆற்று மணலைப் பயன்படுத்தும் பழைய முறை மணல் வீச்சு ஆகும். இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் தொழிலாளரின் நுரையீரலைப் பொறுத்தவரை இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் நிலப்பகுதி தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. முன்னர் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தோல் தொழிலோடு இங்கு எஃகுக் கட்டுமானத் தொழிலும் உண்டு. இராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவிகள் ஆலை 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. அனல் மின்நிலையங்களின் புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும் நிலைமின் வீழ்படிவிகள், பெருவிசிறிகள், காற்று முன்சூடேற்றிகள் முதலியன அங்கு செய்யப்படுகின்றன. இத்தகைய கருவிகளின் தாங்கு சட்டங்களும் கனத்த தகடுகளும் வண்ணம் பூசப்படுமுன் வீச்சு முறையால் தூய்மையாக்கப்படுவது இத்துறையின் வழக்கமாகும். தோல் தொழிலின் உப்பும் எஃகுத் தொழிலின் வண்ணப்பூச்சும் ஒரே ஊரில் சந்திப்பதால் எழும் ஒரு சிக்கல் இக்கட்டுரையில் பின்னர் விளக்கப்படுகிறது.

தேவை

உருட்டாலையிலிருந்து வெளிவரும் புதிய எஃகுத் தகடு நீலங்கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். இந்நிறம் எஃகினுடையது அன்று. சூடான நிலையில் எஃகு காற்றுடன் வினைபுரிந்து உருவான இரும்பு ஆக்சைடுப் படலத்தினுடையது. இதுவே உருட்டாலைச் செதில் எனப்படும். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் இச்செதிலின் மீது நேரடியாக வண்ணம் பூசினால் என்ன என்ற ஐயம் எழலாம். செதில் மின்வேதியியல் முறையில் எஃகைவிட உயர்நிலையில் உள்ளது. செதிலில் சிறு விரிசல் ஏற்பட்டு ஈரம் புகுந்தால், செதில் எதிர்மின்வாயாகவும் வெளித்தெரியும் எஃகு நேர்மின்வாயாகவும் மாறி ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. பெரிய பரப்புள்ள செதில் அனைத்தும் சேர்ந்து அச்சிறு விரிசலில் உள்ள எஃகை அரிக்கும். இதனால் துரு பரவலாக வராமல் குழிகுழியாக ஆழ்ந்து செல்லும். மேலும் எஃகு வெப்பத்தால் விரிந்து சுருங்கும்போது செதில் பெயர்ந்து, மேலே பூசிய வண்ணத்தையும் உடன்கொண்டு விழும்.

வீச்சு முறையின் இரண்டாவது பயன் பரப்பைச் சொரசொரப்பாக்குவது ஆகும். இதனை விளங்கிக்கொள்ள ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளே நல்ல எடுத்துக்காட்டு. மேல்தோலுடன் அடிப்பாகத்தை ஒட்டுமுன், ஒட்டவேண்டிய விளிம்பில் தோலின் வழவழப்பான மேற்பரப்பைச் சுழலும் கம்பித் தூரிகையால் உரசி எடுப்பர். அவ்வாறு செய்யாத காலணியின் அடிப்பாகம் சில நாட்களில் வாய் பிளந்துவிடும். எஃகிலும் நிகழ்வது இதுவே. மணிகள் மோதிய இடங்களில் ஏற்படும் மேடுபள்ளங்கள் வண்ணப்பூச்சுக்குப் பற்றிடமாக அமைகின்றன. பொதுவாகப் பல பூச்சுகளுக்கு இந்த மேடுபள்ளத்தின் உயரம் 40 முதல் 75 மைக்ரோமீட்டர் வரை இருத்தல் வேண்டும் என்று கேட்கப்படுகிறது. இது தலைமுடியின் தடிமனோடு ஒப்பிடத்தக்கது.

வரலாறு

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன் 1870இல் மணல் வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீராவி அல்லது காற்றின் விசையால் மணலைச் செலுத்திக் கண்ணாடி, கல், உலோகம் ஆகியவற்றைச் செதுக்குவதும் தூய்மையாக்குவதும் அவரது நோக்கம். அதன் பின்னர் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தும் கருவிகள் பரவின. காற்றே இல்லாமல், சுழலும் சக்கரத்தின் மையவிலக்கு விசையால் மணிகளை எறியும் இயந்திரங்கள் 1930களில் அமெரிக்க வார்ப்பாலைகளில் வழக்கிற்கு வந்தன. இன்று பெருமளவு உற்பத்தியில் பயன்படுபவை பெரும்பாலும் இச்சக்கர வகையைச் சேர்ந்தவையே. இந்தியாவில் இராஜஸ்தானின் ஜோத்பூர் நகரம் இவ்வியந்திரங்களைச் செய்யும் பல நிறுவனங்களுக்கு இருப்பிடமாக உள்ளது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் இவற்றின் முதன்மைப் பயனர்களுள் அடங்கும்.

சக்கர வகை இயந்திரத்தின் இயக்கம்

இயந்திரத்தின் இதயம் வீச்சுச் சக்கரம் ஆகும். எஃகுமணிகள் மேலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாகச் சக்கரத்தின் மையத்தில் விழுகின்றன. அங்குச் சுழலும் ஒரு சிறு உந்தி அவற்றை முடுக்கி, அதனைச் சூழ்ந்து அசையாது நிற்கும் கட்டுப்பாட்டுக் கூண்டின் திறப்பு வழியே வெளியேற்றுகிறது. வெளியேறும் மணிகளைச் சக்கரத்தின் அலகுகள் ஏந்தி, விளிம்பு நோக்கிச் சறுக்கவிட்டு எறிகின்றன. கூண்டின் திறப்பு எத்திசையில் உள்ளதோ அதைப் பொறுத்தே மணித்தாரை எங்கு விழும் என்பது அமைகிறது. இத்திறப்பு சிறிது விலகிப் பொருத்தப்பட்டால் மணிகள் தகட்டின் மீது விழாமல் அறையின் சுவரையே தேய்த்துக்கொண்டிருக்கும். இயந்திரம் வழக்கம்போல் ஓடும். ஓசையும் வழக்கம்போல் கேட்கும். தகடு மட்டும் தூய்மையாகாது. புதிய இயக்குநர்கள் அலகுகளையும் மணிகளையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியாகவே கூண்டைப் பார்ப்பது வழக்கம். முதலில் பார்க்கவேண்டியது அதுவே.

500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரம் நிமிடத்திற்கு 2250 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பு வேகம் நொடிக்குச் சுமார் 59 மீட்டர். அலகின் வழியே மணி வெளிநோக்கிச் சறுக்கும் வேகமும் இதனோடு கூடுவதால், மணி வெளியேறும் வேகம் நொடிக்கு 75 மீட்டரை ஒட்டி அமையும். அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். 0.85 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுமணி ஒன்றின் எடை ஏறத்தாழ 2.4 மில்லிகிராம், அவ்வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 0.007 ஜூல் மட்டுமே. தனியொரு மணியின் அடி மிக எளியது. ஆனால் ஒரு கிலோகிராமில் இத்தகைய மணிகள் 4 இலட்சத்திற்கு மேல் உள்ளன. ஒரு சக்கரம் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணிகளை எறிகிறது. ஆற்றல் விட்டத்தின் மும்மடிக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், மணியின் விட்டத்தை இரட்டித்தால் ஒவ்வோர் அடியும் எட்டு மடங்கு வலுப்பெறும். ஆனால் ஒரு கிலோவில் உள்ள அடிகளின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும். எனவே பெரிய மணி தடித்த செதிலை உடைக்கவும், சிறிய மணி இடைவெளியின்றிப் பரப்பை நிறைக்கவும் ஏற்றவை. நன்கு இயங்கும் இயந்திரத்தில் பல அளவு மணிகளும் கலந்தே இருக்கும். பழைய மணிகள் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதியவற்றை நிரப்புவது தவறு. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை.

மோதி விழுந்த மணிகள் அடியிலுள்ள கூம்புத் தொட்டியில் சேர்ந்து, திருகுக் கடத்தியாலும் வாளி ஏற்றியாலும் மீண்டும் மேலே கொண்டுசெல்லப்படுகின்றன. வழியில் அவை மெல்லிய திரைபோல் விழும்போது குறுக்கே காற்று இழுக்கப்படும். துருத்தூளும் உடைந்த மணித்துகளும் காற்றோடு சென்று பை வடிகட்டிகளில் சேரும். கனமான நல்ல மணிகள் மீண்டும் சக்கரத்துக்குச் செல்லும். இக்காற்றுப் பிரிப்பு சரியாக அமையாவிடில் தூள் கலந்த மணிகளே திரும்பத் திரும்ப வீசப்பட்டு, சக்கர அலகுகள் விரைந்து தேய்ந்துவிடும். அறையின் உட்சுவர்கள் மாங்கனீசு எஃகுத் தகடுகளால் காக்கப்படுகின்றன. அடிபட அடிபடக் கடினமாகும் இயல்பு இந்த எஃகுக்கு உண்டு.

வார்ப்புகளைப் புரட்டிப் போடும் பட்டை வகை, கொக்கியில் தொங்கவிடும் வகை, சுழல்மேசை வகை, நீண்ட தகடுகளையும் உத்தரங்களையும் உருளைகள் மீது நகர்த்திச் செல்லும் வகை எனப் பொருளுக்கேற்ப இயந்திரங்கள் வேறுபடும். மிக மெல்லிய தகடுகளுக்கு இம்முறை ஏற்றதன்று. அடிகளால் தகடு நெளிந்துவிடும். எஃகின் களைப்பு வலிமையைக் கூட்டுவதற்காகச் சுருள்வில், பற்சக்கரம் முதலியவற்றின் மீது மணிகளை வீசும் மணியடிப்பு முறை வேறு. அதில் தூய்மை நோக்கமன்று.

அழுத்தக் காற்று வகை

கட்டி முடித்த தொட்டி, பாலம், புகைபோக்கி ஆகியவற்றை அறைக்குள் கொண்டுவர இயலாது. அங்கு 7 பார் அளவிலான அழுத்தக் காற்றுடன் துகள்கள் குழாய் வழியே செலுத்தப்பட்டு, தொழிலாளி கையில் பிடித்திருக்கும் மூக்குக்குழாயின் வழியே வெளியேறுகின்றன. கைப்பிடியை விட்டவுடன் தாரை தானே நின்றுவிடும் பாதுகாப்பு நெம்புகோல் இதில் இன்றியமையாதது. வெளியிடத்தில் வீசிய துகள்களை முழுவதும் திரும்பப் பெற இயலாது என்பதால் விலை மலிந்த துகள்களே நாடப்படுகின்றன. செம்பு உருக்காலைக் கசடு அவற்றுள் ஒன்று. தூத்துக்குடி உருக்காலை 2018இல் மூடப்படும் வரை அதன் கசடு தென்னிந்தியாவில் இப்பணிக்குப் பயன்பட்டு வந்தது. தென்மாவட்டக் கடற்கரைகளின் கார்னெட் மணலும் உலகளவில் விரும்பப்படும் துகளாகும். அதனை அள்ளுவதற்குத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை விதித்தது. கார்னெட்டில் சிலிக்கா வேறு தனிமங்களோடு பிணைந்துள்ளது. கட்டற்ற சிலிக்கா மிகக் குறைவு. ஆற்று மணலோ பெரும்பாலும் குவார்ட்சு, அதாவது கட்டற்ற படிகச் சிலிக்கா.

மணலும் சிலிக்கோசிசும்

மணல் எஃகின் மீது மோதும்போது உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகிறது. சில மைக்ரோமீட்டர் அளவேயுள்ள இத்துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லும். அங்கு அவற்றை விழுங்கும் உயிரணுக்கள் அவற்றைச் செரிக்க இயலாமல் இறக்கின்றன. அவ்விடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. இதுவே சிலிக்கோசிசு நோய். கல்லுடைப்போரில் இது தோன்றுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். மணல் வீச்சுத் தொழிலாளரிடமோ செறிவு மிகுதியால் சில ஆண்டுகளிலும், கடுமையான நிலைகளில் சில மாதங்களிலுமே தோன்றக்கூடும். நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் முற்றிச் செல்லலாம். இந்நோயாளர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. நம் நாட்டில் ஒன்று மற்றொன்றாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் உண்டு.

பிரித்தானியா 1949ஆம் ஆண்டு விதிகளின் மூலம் வார்ப்புகளைத் தூய்மையாக்கக் கட்டற்ற சிலிக்கா உள்ள மணலை வீசுவதைத் தடை செய்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1974இல் இத்தகைய தடையைப் பரிந்துரைத்தது. ஆனால் அங்கு அது சட்டமாகவில்லை. துணித்தொழிலிலும் இக்கேடு நேர்ந்தது. சீன்சுத் துணியைப் பழையதுபோல் தோன்றச்செய்ய மணல் வீசிய இளைஞர்கள் பலர் துருக்கியில் சிலிக்கோசிசுக்கு ஆளானதையடுத்து 2009இல் அந்நாடு அம்முறையைத் தடை செய்தது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிசை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்த்தது. அச்சட்டத்தின் 87ஆம் பிரிவு ஆபத்தான தொழில்முறைகளுக்குத் தனி விதிகள் செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. 1950ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகளின் 95ஆம் விதியின்கீழ் அழுத்தக் காற்றால் மணலையோ உலோகமணிகளையோ வீசும் பணியும் ஆபத்தானவற்றுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. அதன் நோய்ப் பட்டியலிலும் சிலிக்கோசிசு இடம்பெறுகிறது. சட்டம் எதுவாயினும், தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வராத சிறு பட்டறைகளிலும் தெருவோரப் பணிகளிலும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மணல் வீசுவோருக்கு அது எட்டுவது அரிது. துணி இத்துகள்களைத் தடுக்காது. தூய காற்றுக் குழாயுடன் இணைந்த தலைக்கவசமே உரிய பாதுகாப்பு. அக்காற்றை எடுக்கும் அமுக்கி, தூசியும் புகையும் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும்.

எஃகுமணியில் சிலிக்கா இல்லை. ஆயினும் தூசி தீங்கற்றது என்று கொள்ளலாகாது. வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் அச்சு மணலும் குவார்ட்சே. பழைய பூச்சுகளில் ஈயமோ துத்தநாகக் குரோமேட்டோ இருக்கலாம். தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியம் மூவிணைதிறன் கொண்டது. துத்தநாகக் குரோமேட்டில் உள்ளது அறுவிணைதிறன் கொண்டது. பின்னது புற்றுநோய் விளைவிப்பது. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலையின் கழிவுக்குவியல் நிலத்தடிநீரைக் கெடுத்ததும் இந்த அறுவிணைதிறன் குரோமியத்தாலேயே. எனவே பழைய பூச்சின் மீது வீசுமுன் அதன் சேர்மத்தை அறிந்துகொள்ளுதல் நன்று.

தூய்மைத் தரங்கள்

சுவீடன் நாட்டில் உருவான படத்தரங்கள் பின்னர் ஐஎஸ்ஓ 8501-1 என்ற பன்னாட்டுத் தரமாயின. இந்தியத் தரம் ஐஎஸ் 9954, 1981இல் வெளியானது. பூசப்படாத எஃகின் தொடக்க நிலை ஏ முதல் டி வரை நான்காகப் பகுக்கப்படும். ஏ என்பது செதில் முழுமையாக ஒட்டியுள்ள நிலை. டி என்பது செதில் போய்ப் பரவலாகக் குழிகள் விழுந்த நிலை. தூய்மையாக்கிய பின் எஸ்ஏ 1, எஸ்ஏ 2, எஸ்ஏ 2½, எஸ்ஏ 3 என்ற படிகள் உள்ளன. எஸ்ஏ 3 என்பது வெண்மையான உலோக நிலை. எஸ்ஏ 2½ நிலையில் புள்ளி அல்லது கோடு போன்ற மெல்லிய கறைகள் மட்டும் எஞ்சலாம். தொழிலில் மிகுதியாகக் கேட்கப்படுவது எஸ்ஏ 2½. கடைசி அரைப்படிக்கு நேரமும் செலவும் மிகுதியாவதே காரணம்.

எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றை வீச்சுக்கு முன்பே கழுவி நீக்க வேண்டும். இல்லையெனில் அவை மணிகளில் ஒட்டி அடுத்தடுத்த தகடுகளுக்கெல்லாம் பரவும். தூய்மையான எஃகு மிக விரைவில் மீண்டும் துருப்பிடிப்பதால் பொதுவாக நான்கு மணி நேரத்திற்குள் முதற்பூச்சு இடப்படுகிறது. தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று 30 பாகை செல்சியசிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை சுமார் 26 பாகை. இரவில் குளிர்ந்த தகடு காலையில் அதனைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். அதன் மீது கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் படியும். அதனால் தகட்டின் வெப்பநிலையை அளந்து பார்த்த பின்னரே பூச்சைத் தொடங்குவர்.

உப்பு

கண்ணால் காணும் தரங்கள் காட்டாத ஒன்று கரையும் உப்பு. பச்சைத் தோல் கெடாதிருக்கச் சோற்றுப்பு இடப்படுகிறது. தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழிவுநீரில் சேர்கிறது. சுண்ணாம்பு இடும் கட்டத்தில் சேர்க்கப்படும் சோடியம் சல்பைடிலிருந்து ஐதரசன் சல்பைடு வளி எழக்கூடும். இவ்விரண்டும் எஃகுக்குப் பகை. டேனரிகளின் மர உருளைகளைத் தாங்கும் சட்டங்கள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நடைபாதைகள், குழாய்த் தாங்கிகள், ஆவியாக்கிகளைச் சூழ்ந்த கட்டுமானங்கள் ஆகியவை மற்ற இடங்களைவிட விரைவில் அரிக்கப்படுகின்றன.

இவற்றைப் பழுதுபார்க்கும்போது துரு நீங்கிய பரப்பு பளபளப்பாக எஸ்ஏ 2½ நிலையில் தோன்றும். ஆனால் குழிகளின் அடியில் இரும்புக் குளோரைடு தங்கியிருக்கும். எஃகுமணியின் அடி அதனை வெளியேற்றுவதற்கு மாறாக, குழியின் வாயை மூடி உள்ளேயே அடைத்துவிடவும் கூடும். உருண்டையான மணியைவிடக் கூரிய குருணை இங்கு மேலானது. எனினும் அதுவும் முழுத் தீர்வன்று. அடைபட்ட உப்பு பூச்சின் ஊடே ஈரத்தை ஈர்த்து, சில மாதங்களில் கொப்புளங்களை எழுப்பும். அப்போது பழி பெரும்பாலும் வண்ணத்தின் மீதோ பூசியவரின் மீதோ விழும்.

தீர்வு, வீச்சுக்கு முன்னும் தேவையெனில் பின்னும் அழுத்தநீரால் கழுவுதல். இங்குதான் இப்பகுதிக்கே உரிய இடர்ப்பாடு உள்ளது. தோல் தொழிலால் இங்குப் பல ஊர்களின் நிலத்தடிநீர் உவர்ப்பாகிவிட்டது. பாலாற்றுப் படுகையின் இம்மாசு குறித்த வழக்கிலேயே 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்பவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரால் கழுவி, 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலம் தகட்டிலேயே உலர்ந்தால், ஒரு சதுர மீட்டரில் 200 மில்லிகிராம் உப்பு எஞ்சும். கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிப் பூச்சுகளுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006இல் வகுத்த வரம்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். அதாவது கழுவியதாலேயே வரம்பைப்போல் நான்கு மடங்கு உப்பு ஏறிவிடும். எனவே கழுவும் நீர் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கியதாகவோ, உப்பளவு சோதிக்கப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும்.

உப்பளவை அறிய, நடுவில் வெற்றிடமுள்ள ஒட்டுப்பட்டை ஒன்றைத் தகட்டில் ஒட்டி, அதனுள் தூய நீரை ஊசியால் செலுத்தி, மீண்டும் உறிஞ்சி அந்நீரின் மின்கடத்துதிறனை அளப்பர். இது பிரெசில் முறை எனப்படும். ஒரு சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். மேடுபள்ளத்தின் உயரத்தை அளக்கும் ஒப்புத் தகடும், எஞ்சிய தூசியைக் காட்டும் ஒட்டுநாடாவும் பல பட்டறைகளில் காணப்படுகின்றன. உப்புச் சோதனைப் பட்டையோ ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டாலன்றிப் பெரும்பாலும் வெளியே எடுக்கப்படுவதில்லை.